நார்த் பேயில் வந்த வாந்தி, சிறைப் படிக்கட்டில் வந்த மயக்கம்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட 43 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

மே மாதக் கடைசி வாரம், பள்ளி விடுமுறையில், கணவர் (52), மகள் (9), மாமியார் (73) ஆகியோருடன் அந்தமான் போயிருக்கிறார். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இரண்டாம் நாள் காலை ரோஸ் தீவு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு), பிறகு நார்த் பே கடற்கரை, மாலையில் செல்லுலார் சிறை என்று திட்டம். படகில் வாந்தி வந்துவிடக் கூடாதென்று காலையில் யாரும் சாப்பிடவில்லை. கணவர் மட்டும் ஒரு காபி குடித்துவிட்டு வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டார். ரோஸ் தீவுக்குப் போகும்வரை எல்லாரும் நன்றாகவே இருந்தார்கள். நார்த் பேயில், அடியில் கண்ணாடி பதித்த படகுக்கு முறை வரட்டும் என்று எஞ்சினை நிறுத்தி அரைமணி நேரம் காத்திருந்தபோதுதான் மகளுக்கு வாந்தி தொடங்கியது. அடுத்து இவருக்கு, பிறகு கணவருக்கு. கணவருக்கு மட்டும் நான்கைந்து முறை. பக்கத்தில் இருந்தவர் கொடுத்த ஓன்டான்செட்ரான் மாத்திரையும் வந்த வழியே போய்விட்டது. மாமியாருக்கு ஒன்றும் செய்யவில்லை.

கரைக்கு வந்ததும், பணம் கட்டியாகிவிட்டதே என்று நேராகச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டில் கணவருக்குச் சட்டை நனையும் அளவு வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு கொட்டடிக்குள் உட்காரவைத்து, வெளியிலிருந்து இளநீர் வாங்கிவந்து கொடுத்ததும் கால்மணி நேரத்தில் எழுந்துவிட்டார். மறுநாள் ஹேவ்லாக் தீவுப் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் மூன்று நாள், குளிக்கும்போது கண்ணை மூடினால் தரை ஆடுவதுபோல் வாசகிக்கு இருந்திருக்கிறது.

இப்போது பொங்கல் விடுமுறையில் மறுபடி போக ஆசை. கேள்விகள்: என் காதில் கோளாறா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா? நான்கு பேருக்கும் ஸ்டெமெடில் போதும் என்று மருந்துக்கடையில் சொல்கிறார்களே, சரியா? கணவர் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங் போகலாமா? இனி படகே ஏற மாட்டேன் என்னும் மகளை என்ன செய்வது? "ஒருமுறை கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாது" என்று மைத்துனர் சொல்வது உண்மையா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வாந்தியைப் பற்றி மூன்று பக்கமும், கணவர் படிக்கட்டில் உட்கார்ந்ததைப் பற்றி நான்கு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நான்கு வரிதான் கவலை தருகிறது. அதைப் "படகு மயக்கத்தின் மிச்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருக்க வாய்ப்பில்லை. படகை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து, படி ஏறும்போது, உடம்பு நனைய வியர்ப்பதும் கை நடுங்குவதும் கடல் செய்யும் வேலையல்ல. எனவே முதலில் அவரைப் பற்றிப் பேசிவிடலாம்.

படிக்கட்டில் நடந்தது என்ன?

அவருடைய மருந்துச்சீட்டின் படத்தை அனுப்பியது நல்லதாயிற்று. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைட், டாபாகிளிஃப்ளோசின், ரத்தக்கொதிப்புக்கு டெல்மிசார்ட்டான். இதில் கிளிமிபிரைட் என்பது நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாத்திரையின் வேலை ஒரு நாள் வரை நீளும். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு, பிறகு நான்கைந்து முறை வாந்தியும் எடுத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோக எல்லா வழியும் திறந்திருக்கிறது. வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல் என்று நீங்கள் எழுதியிருப்பது தாழ்சர்க்கரையின் அச்சு அசலான படம். ஒரு இளநீரில் சுமார் பத்து கிராம் சர்க்கரையாவது இருக்கும். அதைக் குடித்துக் கால்மணியில் எழுந்தார் என்பதும் அதோடு பொருந்துகிறது.

அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்க்கவில்லை என்பதால் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நீர்வறட்சியும் சேர்ந்திருக்கும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கி வெளியேற்றும் மருந்து. கூடவே நீரையும் இழுத்துக்கொண்டு போகும். வாந்தியில் போன நீர் ஒரு பக்கம், இதில் போனது ஒரு பக்கம், மே மாத வெயில் இன்னொரு பக்கம். அதற்கு மேல் டெல்மிசார்ட்டான் ரத்த அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. இந்த நிலையில் மூன்று மாடிக் கட்டடத்தில் படி ஏறினால் நல்ல திடகாத்திரமானவருக்கே கண் இருட்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. பத்தாண்டுக்கு மேல் சர்க்கரை உள்ள 52 வயதுக்காரர், படி ஏறும்போது வியர்த்து உட்கார்ந்தார் என்றால் இதயத்தையும் பார்த்தே தீர வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் குமட்டலுமாக வருவதுண்டு. அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் இசிஜி, எக்கோ, மருத்துவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனை, கிரியாட்டினின் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதியாகப் போகலாம். இல்லையென்றால் அந்தமான் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.

அவருக்குப் படகு நாளன்று செய்ய வேண்டியவை

இவற்றை அவருடைய மருத்துவரிடம் காட்டி, அவர் திருத்துவதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிளிமிபிரைடைக் காலை உணவோடுதான் போட வேண்டும். உணவு இல்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை. வாந்தி தொடங்கிவிட்டால், சாப்பாடும் தண்ணீரும் வயிற்றில் தங்கும்வரை டாபாகிளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள்; ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார்கள். காரணம், சாப்பாடு இறங்காத நேரத்தில் டாபாகிளிஃப்ளோசின் உள்ளே இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். அப்போது குளுக்கோமீட்டர் 180, 200 என்று சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வயிற்று வலியோடு இருப்பார். கரைக்கு வந்த பிறகும் வாந்தி நிற்காமல் இப்படி ஆனால் "கடல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அறையில் படுக்கவைக்காதீர்கள். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது, நேராக அங்கே போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது, அதற்குக் கணக்கு வேறு.

குளுக்கோமீட்டர் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். 70க்குக் கீழே காட்டினால், அல்லது மீட்டர் இல்லாமலே வியர்வையும் நடுக்கமும் வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தேறவில்லையென்றால் இன்னொரு முறை. தேறியதும் பிஸ்கட், சோறு, எதுவானாலும் கொஞ்சம் சாப்பிடவையுங்கள், ஏனென்றால் மாத்திரையின் வேலை இன்னும் முடியவில்லை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்னொன்று. அவரை ஒரு கொட்டடிக்குள் உட்காரவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அறை நாலரை மீட்டருக்கு இரண்டே முக்கால் மீட்டர்கூட இருக்காது. காற்று வர, ஆளுயரத்துக்கு மேலே ஒரு சிறு திறப்பு மட்டும். கைதியை அடைக்கக் கட்டிய இடம், மயங்கியவருக்கு ஏற்ற இடமல்ல. வெளியே வராந்தாவில் காற்று வரும் பக்கமாகப் படுக்கவைத்து, காலை ஒரு பையின் மேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். உட்காரவைத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும்.

இனி, வாந்திக்கு வருகிறேன்

உங்கள் காதில் கோளாறு இல்லை. சொல்லப்போனால் நல்ல காது இருப்பதால்தான் வாந்தியே வந்தது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு எந்தக் கடலிலும் குமட்டல் வருவதில்லை. காது "ஏறுகிறோம், இறங்குகிறோம்" என்று சொல்கிறது; கண், எதிரே இருக்கும் இருக்கையையும் செல்போனையும் பார்த்து "சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது மூளை வயிற்றைக் கலக்குகிறது.

வேகமாகப் போனபோது ஒன்றுமில்லாமல், நிறுத்தியபோது ஏன் வந்தது என்று வியந்திருக்கிறீர்கள். நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். விரைந்து போகும் சிறு படகு தடதடவென்று குலுங்கும்; அந்தக் குலுக்கல் முதுகை வலிக்கவைக்குமே தவிர வயிற்றை அவ்வளவாகத் தொடாது. எஞ்சினை நிறுத்தியதும் படகு அலையின் தாளத்துக்கு வந்துவிடுகிறது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, ஓர் ஆட்டத்துக்கு ஐந்து விநாடி, நிமிடத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் என்ற கணக்குத்தான் மனிதருக்கு மிக அதிகமாகக் குமட்டலை உண்டாக்குவது. கூடவே, நின்ற படகில் காற்று வீசாது, டீசல் புகை அங்கேயே சுற்றும். அதற்குப் பிறகு கண்ணாடிப் படகில் ஏறிக் குனிந்து, காலடியில் நகரும் பவளப்பாறையைப் பார்த்திருக்கிறீர்கள். தலை குனிந்திருக்கிறது, காட்சி ஒரு பக்கம் நகர்கிறது, உடம்பு வேறு பக்கம் ஆடுகிறது. வாந்தி வரவில்லையென்றால்தான் ஆச்சரியம்.

வெறும் வயிறு காக்கும் என்பது மிகப் பரவலான நம்பிக்கை. அது காக்காது. காலி வயிற்றில் அமிலம் மட்டும் இருக்கும், குமட்டல் சீக்கிரம் வரும், வரும் வாந்தியும் பச்சையாகக் கசந்து தொண்டையை எரிக்கும். கிளம்புவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அல்லது இடியாப்பம், அல்லது வாழைப்பழமும் ரொட்டியும் போதும். பூரி, வடை, நெய் மணக்கும் பொங்கல் வேண்டாம்.

மைத்துனர் சொன்னதும் சரியல்ல. கடலில் தொடர்ந்து இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். மீனவர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் அப்படித்தான். உங்களைப்போல் ஒரு நாள் ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வர நேரமில்லை, அவ்வளவுதான். நீங்கள் போன காலமும் உங்களுக்கு எதிராக இருந்தது. தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டைத் தொடுவதற்கு முன்பே, மே நடுவிலிருந்து, அந்தமான் கடலைத் தொட்டுவிடுகிறது. நமக்குப் பள்ளி விடுமுறை இருக்கும் அதே வாரங்களில் அங்கே கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பொங்கலுக்குப் போகலாம் என்ற யோசனை நல்லதே.

மாத்திரை: எது, எப்போது, யாருக்கு?

ஓன்டான்செட்ரான் நல்ல மருந்துதான். கீமோதெரபி வாந்திக்கும், குழந்தைகளின் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் உதவும். ஆனால் அது தடுக்கும் பாதை வேறு, படகு ஆட்டம் மூளையைத் தொடும் பாதை வேறு. பயண வாந்திக்கு அது உதவாது. வாந்தி தொடங்கிய பிறகு எந்த மாத்திரை போட்டாலும் பெரும்பாலும் வீண்தான்; குமட்டல் வந்ததுமே இரைப்பை தன் வேலையை நிறுத்திவிடுவதால் மாத்திரை கீழே இறங்கிக் குடலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

பயன்படுபவை, படகு கிளம்பும் முன்பே உள்ளே போகும் பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள். நம் ஊரில் எளிதில் கிடைப்பது அவோமின், அதாவது புரோமெத்தசின் தியோக்ளேட் 25 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு. விடியற்காலை ஃபெர்ரி என்றால் முந்தைய இரவு படுக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். தூக்கம் வரும், வாய் உலரும். அன்று வண்டி ஓட்டக் கூடாது, மது கூடவே கூடாது. தூக்கம் குறைவாக இருக்க வேண்டுமென்றால் சின்னரிசின் (ஸ்டூஜெரான் 25) இருக்கிறது. அதையும் முன்கூட்டியே போட வேண்டும். கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் அவோமினைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் கணவருக்குச் சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; ஆண்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

மகளுக்கு அரை மாத்திரை அவோமின் என்பது வழக்கமான அளவு. எடையைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் உறுதி செய்யட்டும். சில குழந்தைகளுக்கு இது தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலையும் எரிச்சலையும் கொடுக்கும். அது நடுக்கடலில் தெரிய வேண்டாம். ஊரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அந்த வயதுக் குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிது என்பதால் தேவையும் இருக்காது. உங்கள் மகளின் வயதில்தான் அது உச்சத்தில் இருக்கும்.

நான்கு பேருக்கும் ஸ்டெமெடில் என்று கடைக்காரர் சொன்னதை ஏற்காதீர்கள். உங்கள் மாமியாருக்குக் கை நடுக்கத்துக்கு மருந்து நடக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது பார்க்கின்சன் நோய்க்கான மருந்தாக இருந்தால், ஸ்டெமெடில் (புரோகுளோர்பெரசின்), மெட்டோகுளோபிரமைட், சின்னரிசின் ஆகிய மூன்றுமே மூளையில் டோபமினைத் தடுத்து நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டிவிடும். அவோமினும் அவருக்கு வேண்டாம். அந்த வயதில் குழப்பத்தையும் தடுமாறி விழுவதையும் கொண்டுவரும். இதில் மனசுக்கு ஆறுதலான செய்தி, அவருக்கு மாத்திரையே தேவையில்லை என்பதுதான். வயது ஏற ஏறப் பயண வாந்தி குறையும். அன்று அவர் ஒருவர்தான் நன்றாக இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சுக்கு, இஞ்சி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கிளம்பும் முன் அரை டீஸ்பூன் சுக்குப்பொடியை வெந்நீரில் குடிப்பது சிலருக்குக் குமட்டலைத் தணிக்கிறது, கெடுதல் இல்லை. எலுமிச்சம்பழம் முகர்வதும் அப்படியே. மணிக்கட்டில் கட்டும் பட்டை வேலை செய்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

எந்த இருக்கை?

இதைத்தான் மாத்திரையைவிடப் பெரிதாகச் சொல்வேன். படகின் மூக்குப் பகுதி ஊஞ்சலின் நுனி மாதிரி. அதிகம் ஏறி இறங்குவது அதுதான். மேல் தளம் பக்கவாட்டில் அதிகம் சாயும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கமாக உட்காருங்கள். முகம் படகு போகும் திசையில் இருக்கட்டும். பார்வை தொடுவானத்தில் அல்லது தூரத்துத் தீவில் இருக்கட்டும். செல்போனில் படம் எடுத்ததைத் திரும்பப் பார்ப்பதுகூட வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் தலையை இருக்கையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வது, பாதித் திறந்த கண்ணோடு தவிப்பதைவிட நல்லது.

ஹேவ்லாக்குக்கு (இப்போது சுவராஜ் தீவு) ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். தனியார் ஃபெர்ரிகள் விரைவானவை, ஆனால் பெரும்பாலும் மூடிய ஏசி அறையில்தான் பயணம். ஒருவர் வாந்தி எடுத்தால் அந்த வாடையே பக்கத்திலிருப்பவருக்குப் போதும். அரசு ஃபெர்ரி மெதுவாகப் போகும். வெளித்தளத்துக்கு வந்து காற்று வாங்க வழி உண்டு. உங்கள் குடும்பத்துக்கு, கடல் அமைதியான ஜனவரியில், டிக்கெட் கிடைத்தால் அரசு ஃபெர்ரியையே தேர்ந்தெடுப்பேன். கிடைக்காவிட்டால் தனியாரில் கீழ்த்தளம், நடு வரிசை, சன்னல் ஓரம் என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் காலைப் பயணமாக இருக்கட்டும்.

ஒரு அபாயத்தைச் சொல்லியாக வேண்டும். சிறு படகில் வாந்தி வந்ததும் எழுந்து ஓரத்துக்கு ஓடிக் குனிவார்கள், மூச்சு முட்டுகிறதென்று லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியையும் கழற்றுவார்கள். படகு வாந்தியால் யாரும் எளிதில் சாவதில்லை. தவறி விழுந்தால் சாவு உண்டு. ஆளுக்கு இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் பை மடியில் இருக்கட்டும், உட்கார்ந்த இடத்திலேயே எடுக்கட்டும், கொக்கி மாட்டியபடியே இருக்கட்டும். கண்ணாடிப் படகுக்குப் பணம் கட்டிவிட்டதால் ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. பணம் திரும்புமா என்பது வேறு விஷயம். அதை முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வாந்திக்குப் பிறகு கரையில் முதல் இரண்டு மணி நேரம் ஊர் பார்க்கும் நேரமல்ல. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். அரை பாட்டிலில் பாதிப் பொட்டலம் என்று கண்ணளவு வேண்டாம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு மடக்கு, ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு மடக்கு. ஒரே மூச்சில் குடித்தால் வெளியே வந்துவிடும். சர்க்கரைக்காரரும் வாந்தியன்று இதைக் குடிக்கலாம், குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக வந்த பிறகு வெயிலில் இறங்குங்கள்.

நாளை இப்படி அடுக்கலாம்: காலையில் ரோஸ் தீவு மட்டும். கால்மணி நேரப் படகு, இறங்கினால் மர நிழல், மான்கள், ஆங்கிலேயர் விட்டுப்போன கட்டடங்களை வேரால் கவ்விக்கொண்டிருக்கும் மரங்கள். மதியம் அறையில் ஓய்வு. மாலையில் சிறையில் மேலே ஏறாமல் முற்றத்தில் உட்கார்ந்து ஒலி ஒளிக் காட்சி. அங்கே ஜனவரியில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும், எனவே இருட்டிய பிறகு போவதாக இருந்தாலும் நேரம் அதிகமாகாது. கோபுரத்துக்கு ஏறுவதை இன்னொரு நாள் காலை, சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சாத்தம் மரஆலையும் கடற்படையின் சமுத்திரிகா அருங்காட்சியகமும் படகில்லாமலே பார்க்கக் கூடியவை. மாமியாருக்கு அவை ஏற்றவை.

ஊருக்கு வந்தும் தரை ஆடியது

இது பலருக்கும் வருவது. மூளை கடல் ஆட்டத்தைக் கழித்துக் கணக்குப் போடப் பழகிக்கொண்டது. கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் கழித்துக்கொண்டே இருக்கிறது. குளிக்கும்போது கண்ணை மூடினால் நிலையான சுவரும் கதவும் மறைந்துவிடுவதால் ஆட்டம் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு நாளில் போய்விடும். உங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்பதால் மூன்று நாள் இருந்ததில் வியப்பில்லை. அது தானாகவே போய்விட்டது, ஸ்கேன் தேவையில்லை. அடுத்த முறை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். முகம் கோணுதல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு கை கால் வலுவிழத்தல், திடீரென்று ஒரு காது கேட்காமல் போதல், பிடிக்காமல் நிற்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அது கடல் ஆட்டமல்ல. அன்றே, அந்த மணியே மருத்துவமனை.

ஸ்கூபா

கணவர் இந்த முறை போக வேண்டாம் என்பது என் கருத்து. கிளிமிபிரைட் போடுகிறவருக்குத் தண்ணீருக்கடியில் சர்க்கரை தாழ்ந்தால் வியர்ப்பதும் தெரியாது, சொல்லவும் முடியாது. டைவிங்குக்கு முன் கொடுக்கும் உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பலரும் செய்வது. அது அவர் உயிரோடு விளையாடுவது. இதயப் பரிசோதனை முடிந்து, மருத்துவர் மாத்திரையை மாற்றிய பிறகு, டைவிங் மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். நீங்கள் போவதாக இருந்தால், அவோமின் போட்ட அன்று டைவிங் வேண்டாம். விமானத்துக்கு முந்தைய நாளும் வேண்டாம்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். "கடைசி நாள் காலை ஸ்கூபா, மதியம் சென்னை விமானம்" என்று பேக்கேஜில் இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி. அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. அன்று அவள் உடம்புக்கு நடந்தது உண்மையிலேயே கொடுமையானது. "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள், சொன்னாலும் நம்ப மாட்டாள். ஏன் வந்தது என்று காதையும் கண்ணையும் வைத்துச் சொல்லிக்கொடுங்கள், ஒன்பது வயதுக்குப் புரியும். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு "அதோ தீவு" என்று உங்களுக்கு வழி சொல்லும் வேலையை அவளிடம் கொடுங்கள். சாப்பிட்டு, அரை மாத்திரை போட்டு, நடு இருக்கையில் உட்கார்ந்து, ரோஸ் தீவுக்குக் கால்மணி நேரம் போய்வரட்டும். வந்த பிறகு ஹேவ்லாக் போகலாமா என்று அவளிடமே கேளுங்கள். அதற்காகத்தான் அந்த ஃபெர்ரி டிக்கெட்டை ரத்து செய்யும் வசதியோடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அவள் வேண்டாம் என்றால் நீங்களோ கணவரோ அவளோடு போர்ட் பிளேரிலேயே இருந்துவிடலாம்.